இல்லாத கோட்டை அளந்தவர்

சாய்ந்து நிற்கிற கோடு கண்ணுக்கு முன்னால் இருக்க, அதை விட்டுவிட்டு அங்கே இல்லவே இல்லாத ஒரு கோட்டை எதற்கு அளக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் எல்லாருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கேட்கத்தான் தைரியமில்லை.

தாராவியில் ஒரு தேவாலயத்தின் பின்பக்கக் கூடத்தில் மதிய நேரத்தில் நடந்த வகுப்பு அது. தண்ணீர் பிடித்து, சமைத்து, ஆண்களை வேலைக்கு அனுப்பிவிட்டு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்கு முன்னால் கிடைக்கிற இடைவெளியில் நாங்கள் படித்தோம். பாதியில் பள்ளியை விட்ட பெண்கள். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதப் போகிறவர்கள். நான் செம்பூரில் ஒரு பல் மருத்துவமனையில் காலை வேளையில் துப்புரவு வேலை பார்த்தேன். பத்தாவது தேறினால் ரிசப்ஷனில் உட்கார வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் எனக்குப் படிக்க ஒரு காரணம் இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு என்ன காரணம் என்று கடைசி வரை தெரியவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "சும்மா இருக்கதுக்குப் படிக்கேன், ஒனக்கென்ன?" என்றுதான் சொன்னார்.

நான் அவரை ராத்தா என்று கூப்பிட்டேன்; அவர்கள் வழக்கில் அக்கா. வயதில் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு கூடுதல் இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். கணவரும் கணவரின் தம்பியும் சேர்ந்து தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார்கள். கனத்த உடம்பு. வந்ததும் புர்காவைக் கழற்றி பெஞ்சு முதுகில் மடித்துப் போட்டுவிட்டு, கறுப்புக் கயிற்றில் தொங்குகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ம், இன்னைக்கு என்ன?" என்று கேட்பார். டீச்சர்தான் அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் போல இருக்கும்.

டீச்சர் மாட்டுங்காவிலிருந்து வருகிறவர். என் வயதுதான். அன்று கரும்பலகையில் ஓர் இணைகரம் வரைந்து, பரப்பளவு என்றால் அடிப்பக்கம் பெருக்கல் உயரம் என்று எழுதினார். உயரத்தைப் புள்ளி புள்ளியாகப் போட்டார். அப்போதுதான் ராத்தா கேட்டார்.

"அது ஃபார்முலா. அப்படியே மனசுல வச்சுக்கோங்கோ" என்றார் டீச்சர்.

"வச்சுக்கிடலாம் டீச்சர். நம்பணும்லா?"

சொல்லிவிட்டு அவர் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, கரும்பலகையில் இருந்தது போலவே சாய்வான ஒரு வடிவம் வெட்டினார். அதைக் கொஞ்ச நேரம் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்த முக்கோணத்தை நேராக வெட்டினார். வெட்டிய துண்டை அப்படியே தள்ளிக்கொண்டு போய் மறு பக்கத்தில் சேர்த்தார். செவ்வகம்.

"அட" என்றார், தனக்குத்தானே. "நா வெட்டுன கோடுதானா அது? அப்ப அது இருக்கத்தானே செய்யுது." பிறகு டீச்சரைப் பார்த்து, "சரி டீச்சர். எழுதிக்கிடுதேன்" என்றார்.

டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டு இறங்கி வந்து அந்தத் தாள் துண்டுகளைத் தானும் ஒருமுறை பிரித்து, சேர்த்துப் பார்த்தார். "நன்னா இருக்கே" என்று சிரித்தார். அடுத்த வகுப்பிலிருந்து டீச்சர் பையிலும் கத்தரிக்கோல் இருந்தது.

ராத்தாவை அப்படித்தான் எனக்குத் தெரியும். ஒன்றும் இன்னொன்றும் சமம் என்று யாராவது சொன்னால், ஒன்றைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைத்துப் பார்க்காமல் அவரால் நகர முடியாது. கடையில் மகளுக்குச் சீருடை வாங்கினால் இரண்டு சட்டைகளையும் கடைக்காரரின் மேசையில் ஒன்றின் மேல் ஒன்றாக விரித்து, தோளும் தோளும் ஒட்டுகிறதா என்று பார்ப்பார். இரண்டும் ஒரே சைஸ் என்று கடைக்காரர் சொன்னால், "நீங்க சொல்லுதிய. சட்ட சொல்லணும்லா" என்பார். மருந்துக் கடையில் வேறு பெயருள்ள மாத்திரையைக் கொடுத்து இரண்டும் ஒன்றுதான் என்று சொன்ன பையனை, அட்டையின் பின்னாலிருந்த பொடி எழுத்தை வாசிக்க வைத்துவிட்டுத்தான் விட்டார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவருக்குக் காதில் விழாது.

கூட இருக்கிறவர்களுக்கு இது சுலபமில்லை. என் மாமியாரைப் பற்றி ஒருநாள் மனம் நொந்து அவரிடம் கொட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ சொல்லுதது ஒம்பக்கத்துல நின்னு பாத்தா சரிதான். அவ இருக்க எடத்துல போய் நின்னு பாத்தியா?" என்றார். எனக்குக் கோபம் வந்து இரண்டு நாள் வேறு பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் நானே திரும்பி வந்தேன்.

கணக்கில் அவர் கெட்டிக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. பெருக்கல் வாய்ப்பாடு ஏழுக்கு மேல் அவருக்கு நிற்காது. இருபதில் பன்னிரண்டைக் கழிக்க விரலை மடக்குவார். ஆனால் வடிவங்கள் அவரிடம் வேறு மாதிரி நடந்துகொண்டன. படத்தை அவர் ஒருபோதும் புத்தகத்தில் இருக்கிற நிலையில் பார்க்க மாட்டார். புத்தகத்தைச் சுழற்றுவார். தலைகீழாக வைப்பார். தாளை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பின்புறத்திலிருந்து பார்ப்பார்.

என் மகள் விஷயத்தில் அந்தப் பழக்கம் எனக்கு உதவியது. அவள் அப்போது முதல் வகுப்பு. எழுத்துகளைத் தப்பும் தவறுமாக எழுதுகிறாள், பிள்ளை மந்தமாக இருக்கிறாள் என்று பள்ளியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பில் அழுதுவிட்டேன். ராத்தா தாளை வாங்கினார். சுழற்றினார். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய், கம்பிகளுக்கு எதிரே தாளைப் பிடித்து, பின்பக்கமாகத் திருப்பினார்.

"ஏ புள்ள, இங்கன வா."

போனேன். வெயில் ஊடுருவிய தாளில், பின்பக்கத்திலிருந்து, என் மகளின் எழுத்துகள் ஒவ்வொன்றும் சரியாக இருந்தன.

"தப்பா எழுதல பாத்தியா. கண்ணாடில தெரியுத மாதிரி எழுதிருக்கா. பிள்ளைக்கு எழுத்து தெரியுது. எந்தப் பக்கம் திரும்பி நிக்கணும்னுதான் தெரியல. அத மெதுவாச் சொல்லிக் குடுக்கலாம். இதுக்குப் போயி யாராச்சும் அழுவாளா?"

அந்தத் தாளை அப்படியே பள்ளிக்குக் கொண்டுபோய் அங்கிருந்த ஜன்னலில் வைத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு மந்தம் என்ற வார்த்தை வரவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் எழுத்துகளும் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டன.

அவருடைய வீட்டில் நடந்ததைச் சொன்னால்தான் அவர் யார் என்பது முழுதாகப் புரியும்.

பட்டறை இருந்த அறை அவருடைய மாமனார் காலத்தது. சந்துப் பக்கம் பார்த்த முன்பக்கம் குறுகலாகவும், பின்பக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலமாகவும் இருக்கும். பக்கத்தில் சாக்கடை சாய்வாக ஓடியதால் சுவரையும் சாய்வாகத்தான் எழுப்ப முடிந்ததாம். முன்சுவரும் பின்சுவரும் மட்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தன. அண்ணனுக்கும் தம்பிக்கும் தொழிலில் ஏதோ வார்த்தை தடித்துப் பேச்சு நின்றது. ஒரே அறையில், இரண்டு தையல் இயந்திரங்களுக்கு நடுவே, மாதக்கணக்கில் பேசாமல் வேலை பார்த்தார்கள். சொல்ல வேண்டியதை ராத்தாவிடம் சொல்வார்கள். "அவன்கிட்டச் சொல்லு", "அண்ணன்கிட்டச் சொல்லுங்க மைனி." ஒருநாள் கை ஓங்குகிற அளவுக்குப் போய்விட்டது. நடுவே நீளவாட்டில் சுவர் வைத்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வது என்று முடிவானது.

முன்சுவரின் நடுவிலிருந்து பின்சுவரின் நடுவுக்குச் சுவர் எடுத்தால் சரிபாதி. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் தம்பிக்கு முன்பக்கம் கொஞ்சம் கூடுதல் அகலம் வேண்டியிருந்தது. சந்தில் போகிறவர்கள் பார்க்கிற மாதிரிப் பைகளைத் தொங்கவிட்டு விற்க நினைத்தார். அவரே ஒரு வழியும் சொன்னார்: முன்னால் இரண்டடி எனக்கு விட்டுக்கொடுக்கட்டும். பின்பக்கம்தான் இரண்டு மடங்கு அகலமாயிற்றே, அதனால் பின்னால் நாலடி அண்ணனுக்கு நான் விட்டுத்தருகிறேன். கேட்க நியாயமாக இருந்தது. அண்ணனும் சரி என்றார். கொத்து வேலை செய்கிற மிஸ்திரி வந்து தரையில் சாக்பீஸால் கோடும் போட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரம்தான் டீச்சர் சரிவகம் நடத்தினார். ஒரே அளவில் இரண்டு சரிவகம் வெட்டி, ஒன்றை அரைச்சுற்றுச் சுற்றித் தலைகீழாக்கி மற்றதோடு சேர்த்தால் இணைகரம் வரும் என்று காட்டினார். எல்லாரும் வெட்டினோம். ராத்தாவும் வெட்டினார். பிறகு அந்தத் தாளில் நடுவே ஒரு கோடு, அதை வெட்டிக்கொண்டு சாய்வாக இன்னொரு கோடு போட்டார். டீச்சர் இரண்டு முறை, "என்ன, இன்னிக்குச் சந்தேகமே இல்லையா?" என்று கேட்டார். அவர் அந்த இரண்டு கோடுகளையே பென்சிலால் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார். "ஏ புள்ள, செத்த எங்கூட வாரியா? நூலு நுனியப் பிடிக்க ஓராளு வேணும்."

பட்டறையில் இரண்டு சகோதரர்களும் இருந்தார்கள். அவருடைய கணவர் தோல் வெட்டுகிற மேசை அருகில். தம்பி ஷட்டர் பக்கம் ஸ்டூலில். ராத்தா என்னை முன்சுவரின் நடுவில் நூலோடு உட்கார வைத்தார். தான் பின்சுவரின் நடுவுக்குப் போய் நூலை இழுத்துக் கட்டி, அதை ஒட்டி சாக்பீஸ் கோடு போட்டார். இப்போது தரையில் இரண்டு கோடுகள். சரிபாதிக் கோடு ஒன்று, மிஸ்திரி போட்ட சாய்வுக் கோடு ஒன்று. இரண்டும் ஓரிடத்தில் வெட்டிக்கொண்டன. முன்பக்கம் ஒரு சிறிய முக்கோணம், பின்பக்கம் ஒரு பெரிய முக்கோணம்.

"இது நாம தம்பிக்குக் குடுக்கது" என்று முன்பக்க முக்கோணத்தைக் காட்டினார். "அது தம்பி நமக்குக் குடுக்கது. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்லா?"

"அதான் பேசி முடிச்சாச்சே" என்றார் கணவர்.

ராத்தா பைக்கு உள்ளே தைக்கிற லைனிங் துணியை எடுத்து முன்பக்க முக்கோணத்தின் மேல் விரித்து அதே அளவுக்கு வெட்டினார். கோடுகள் வெட்டிக்கொள்கிற இடத்தில் துணியின் கூர்முனையை விரலால் அழுத்திக்கொண்டு, "நீ அந்த நுனியப் பிடிச்சுச் சுத்து" என்றார். நான் துணியைப் பிடித்துக்கொண்டு அரைவட்டமாக நடந்தேன். துணி பின்பக்க முக்கோணத்துக்குள் வந்து படுத்தது. கூர்முனையில் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் பின்சுவர் வரை ஏராளமான தரை மூடாமல் கிடந்தது.

"இவ்வளவு வெளிய நிக்குதே" என்றார் தம்பி, ஸ்டூலிலிருந்து எழுந்து.

ராத்தா அதே அளவில் இன்னொரு துண்டு வெட்டி வைத்தார். போதவில்லை. மூன்றாவது. நடுவில் மிஞ்சிய இடத்தில் நாலாவதைத் தலைகீழாக வைத்தபோதுதான் முக்கோணம் முழுதாக மூடியது.

"நாம ஒண்ணு குடுக்கோம். அவரு நாலு தாராரு" என்றார். "ரெண்டடிக்கு ரெண்டடி வெச்சாத்தான் ரெண்டு முக்கோணமும் ஒண்ணா வரும். பின்னால அகலம்ங்கறதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

கணவர் எழுந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. "அரே, பின்னால ரெண்டு மடங்கு அகலம்னா ரெண்டு மடங்குதான் விடணும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். துணிய அங்கயும் இங்கயும் இழுத்து வெச்சுட்டு வந்து நிக்கா. அவனே வாயத் தொறந்து சொன்ன விஷயம். நீ யாரு பக்கம்?"

"நா எந்தப் பக்கமும் இல்ல. வெச்சுக் காட்டுதேன், அவ்வளவுதான்."

"மைனி" என்றார் தம்பி. "இத நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"ஒங்களுக்குத் தெரியாது தம்பி. எனக்குத் தெரியும்லா. ஒரு ஆளு கால நீட்டிப் படுக்க எடம். தெனமும் அத மிதிச்சுக்கிட்டு நா எப்படி நடமாட?"

கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். துணித் துண்டுகளை ராத்தா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கனத்த உடம்பு, மூச்சு வாங்கியது. நான் உதவப் போனபோது, "நீ போ புள்ள, ஒம்மக ஸ்கூல் விட்டு வந்துருப்பா" என்றார்.

சுவர் இரண்டடிக்கு இரண்டடிதான் எழும்பியது. தம்பி மிஸ்திரியைக் கூப்பிட்டுப் பழைய கோட்டை அழிக்கச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அண்ணனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் ராத்தாவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். வகுப்புக்குப் போகாதே என்று சொல்லவில்லை. போகிறாயா என்றும் கேட்கவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார். முன்பு இரண்டு சகோதரர்களுக்கு நடுவில் பேச்சைக் கொண்டுபோய்க் கொடுத்த ராத்தாவுக்கு, இப்போது கணவரிடம் ஒன்றைச் சொல்ல மகளை அனுப்ப வேண்டியிருந்தது. இதை அவர் புகாராகச் சொன்னதில்லை. வகுப்புக்கு முன்பு போலவே வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ம், இன்னைக்கு என்ன?" என்றார். கொஞ்சம் மெலிந்திருந்தார்.

தேர்வில் நான் தேறினேன். அவர் கணக்கில் தேறவில்லை. தேர்வு அறையில் ஒவ்வொரு கேள்விக்கும் சூத்திரத்தை முதலிலிருந்து கண்டுபிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கேள்வித்தாளின் ஓரத்தை நகத்தால் கிழித்து முக்கோணம் செய்து பார்த்ததற்கு அறைக் கண்காணிப்பாளர் அதட்டினாராம். நேரம் முடிந்தபோது பாதிக் கேள்விகளைத் தொடவேயில்லை.

"கொஞ்சம் மனப்பாடம் பண்ணிண்டு போங்கோளேன். பாஸ் ஆனப்புறம் நம்பிக்கலாம்" என்று டீச்சர் கெஞ்சினார்.

"நம்பாதத எழுதப் போனா கை ஓட மாட்டேங்குது டீச்சர். நா என்ன செய்ய? அடுத்த தடவைக்குள்ள எல்லாத்தையும் வீட்டுலயே வெட்டி முடிச்சுடுதேன். அங்க போய் வெட்டாம எழுதிருவேன்."

அப்படியே செய்தார். அவர் வீட்டுக்குப் போனால் சமையல் மேடை, கட்டில், டிவியின் மேல் எல்லாம் காகித வட்டங்களும் அரைவட்டங்களும் கிடக்கும். மகள் அவற்றைக் கூட்டி அள்ளும்போது, "அது வேண்டாம், அது இன்னும் நம்பல" என்பார்.

இரண்டாம் முறை அவர் தேறிவிட்டார், சொற்ப மதிப்பெண்ணில். இப்போது குடும்பம் உல்லாஸ்நகரில் இருக்கிறது. நான் செம்பூரிலேயே, அதே மருத்துவமனையின் ரிசப்ஷனில். எப்போதாவது போனில் பேசுவோம். எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அவர் தேறிய செய்தி அல்ல. அந்த இரண்டாம் முறை கணக்குத் தேர்வு நடந்த நாள்.

தேர்வு மையம் தாணேயில். துணைக்கு வருவதாகச் சொல்லி நான் லீவு போட்டிருந்தேன். சயான் ஸ்டேஷனில் நாங்கள் நிற்கும்போது அவருடைய கணவர் ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் நின்றார். வருவதாக யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ராத்தா ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ரயில் வருகிற திசையைப் பார்த்தார். நாங்கள் பெண்கள் பெட்டியில் ஏறினோம். அவர் பொதுப் பெட்டிக்குப் போனார். தாணேயில் இறங்கியதும் பின்னாலேயே நடந்து வந்தார். பள்ளி வாசலில் பாட்டிலை நீட்டினார். ராத்தா வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் நானும் அவருடைய கணவரும் உட்கார்ந்தோம். இரண்டாவது டீ வந்தபோது, அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"அன்னைக்கு துணி வெட்டிக் காட்டுனால்லா. நீயும் இருந்தியே."

"ஆமா அண்ணே."

"நா ஒத்துக்கல. துணிய இழுத்துப் பிடிச்சிருப்பான்னு நெனச்சேன். அந்த வாரமே, வெள்ளிக்கெழம, எல்லாரும் தொழுகைக்குப் போயிருந்தாவ. தரைல கோடு இன்னும் அழிக்கல. நா சீக்கிரம் வந்து ஷட்டர இறக்கிட்டு அட்டைய எடுத்து வெட்டினேன். துணின்னா இழுபடும், அட்ட இழுபடாதுல்லா. ரெண்டு துண்டுல மூடிரும்னு வெச்சுப் பாத்தேன். மூடல. திரும்பத் திரும்ப வெச்சேன். நாலுதான் வந்துச்சு."

"ராத்தாகிட்டச் சொன்னியளா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். "பேச்ச நிறுத்திட்டேன்லா. பொறவு எங்கேருந்து ஆரம்பிக்க?"

தேர்வு முடிந்து பெண்களும் பையன்களுமாக வெளியே வந்தார்கள். ராத்தா கடைசியில் வந்தார், கண்ணாடியைப் புர்கா முனையால் துடைத்துக்கொண்டே. கணவர் எழுந்து ரோட்டைக் கடந்து அவர் முன்னால் போய் நின்றார்.

"எப்படி எழுதின?"

ராத்தா அவரை நிமிர்ந்து பார்த்தார். "எல்லாம் எழுதிட்டேன். சரியா இருக்கும்னுதான் நெனைக்கேன்."

"சரியாத்தான் இருக்கும். நானும் வெட்டிப் பாத்தேன். நாலுதான் வருது."

எதைச் சொல்கிறார் என்று புரிய ராத்தாவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எப்போ பாத்திய?"

"அந்த வாரமே."

"அந்த வாரமேவா?" ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி அவருடைய குரல் உயர்ந்தது. "பாத்துட்டு வாயத் தொறக்காம இருந்தியளாக்கும்? இத்தன நாளா பிள்ளைய நடுவுல வெச்சு உப்பு வேணுமா மொளகா வேணுமான்னு கேக்க வெச்சியளே, ஒங்களுக்கே நல்லா இருக்கா? அட்டையில வெட்டுனியளா? எந்த அட்டை? அளவு சரியா எடுத்தியளா?"

அவர் பதில் சொல்லச் சொல்ல, ராத்தா திட்டிக்கொண்டும் கேள்வி கேட்டுக்கொண்டும் நடந்தார். நான் நாலைந்து அடி பின்னால் வந்தேன். ஸ்டேஷன் படியில் ஏறும்போதும் நிறுத்தவில்லை. மூச்சு வாங்க நின்ற இடத்திலும் விரலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தார். ரயில் வந்தது. எப்போதும் பெண்கள் பெட்டியைத் தவிர வேறு எதிலும் கால் வைக்காதவர், பேச்சு பாதியில் நின்றுவிடக் கூடாது என்று கணவரின் பின்னாலேயே பொதுப் பெட்டியில் ஏறிவிட்டார். நான் மட்டும் பெண்கள் பெட்டியைத் தேடிக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓடினேன்.